தகுதியின் வாயிற்காவலர்

அமெரிக்க நாட்டுத் தலைநகராம் வாஷிங்டனிலிருந்து பொட்டோமாக் ஆற்றைக் கடந்தால் வர்ஜினியா மாநிலம். அங்கே ஃபேர்ஃபேக்ஸ் என்றொரு மாவட்டம். செல்வம் கொழிக்கும் மாவட்டம். அம்மாவட்டத்துக் கல்வித்துறை 2020 ஜூன் திங்களில் ஒரு பட்டியலை வெளியிட்டது. தாமஸ் ஜெபர்சன் அறிவியல் தொழில்நுட்ப உயர்நிலைப் பள்ளியில் இடம் பெற்றோரின் கணக்கு அது. தனியார் பள்ளியன்று; மக்கள் வரிப்பணத்தில் நடப்பது. 1985-ல் அறிவியற் பள்ளியாக உருமாற்றப்பட்டது. நாட்டின் முதல் வரிசைப் பள்ளிகளுள் ஒன்றெனப் பேசப்படுவது. 2,500 பேருக்கு மேல் கதவைத் தட்டினர். 486 பேருக்குத் திறந்தது. இனவாரியாக எண்ணிக்கை அச்சிட்டிருந்தனர். கருப்பின மாணவர் என்ற கட்டத்திலே மட்டும் எண் இல்லை! மறதியன்று, அச்சுப் பிழையுமன்று. பத்துக்கும் குறைந்த சிறு தொகையை வெளியிடுவதில்லை என்பது துறையின் வழக்கம். மாவட்டத்துப் பள்ளிப் பிள்ளைகளில் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் கருப்பினத்தவர். அவர்தம் பங்கோ எண்ணிச் சொல்லவும் தகாத அளவுக்குச் சிறுத்துக் கிடந்தது. வறுமை காரணமாகப் பள்ளியில் இலவச உணவோ குறைந்த விலை உணவோ பெறும் பிள்ளைகள் எத்தனை பேர் தெரியுமா? 486 பேரில் மூவர்!

பள்ளி தாங்கிய பெயரைக் கவனியுங்கள், தோழர்களே! மாந்தர் அனைவரும் சமமாகப் படைக்கப்பட்டவர் என்ற விடுதலைப் பிரகடனத்தை எழுதிய ஜெபர்சன். எழுதிய அதே கையால் தம் வாழ்நாளில் அறுநூறு பேருக்கு மேல் அடிமை கொண்டிருந்த ஜெபர்சன். அவர் 1779-ல் வர்ஜினியாவுக்கென ஒரு கல்விச் சட்ட முன்வடிவைத் தீட்டினார். ஒவ்வொரு வட்டாரப் பள்ளியிலிருந்தும், பெற்றோர் செலவு செய்ய இயலாத ஏழைச் சிறுவருள் கூர்த்த மதியுள்ளவரைத் தேர்ந்தெடுத்து, அரசு செலவில் மேற்பள்ளிக்கு அனுப்ப வேண்டும் என்பது அதன் கரு. வெள்ளையருக்கு மட்டுமே தீட்டப்பட்ட திட்டந்தான். அவர் கேட்ட உருவில் அது நிறைவேறவுமில்லை. ஆயினும், அறிவு ஓரிடத்தில் மட்டும் முளைப்பதன்று, எல்லா வட்டாரத்திலும் தேடினால் கிடைக்கும் என்ற கருத்து அந்த ஏட்டிலே இருந்தது. ஏறத்தாழ 240 ஆண்டுகள் கழித்து, அவர் பெயர் தாங்கிய பள்ளியில் அதே கருத்தைச் செயற்படுத்த முனைந்தபோதுதான் வழக்கு மன்றத்தின் படிக்கட்டு தேய்ந்தது!

அவ்வழக்கைப் பேசுமுன் வர்ஜினியாவின் பழங்கதை சிறிது அறிந்தாக வேண்டும். அதே மாநிலத்தில் பிரின்ஸ் எட்வர்ட் என்று மற்றொரு மாவட்டம். அங்கே ஃபார்ம்வில் என்ற சிற்றூரில் கருப்பினப் பிள்ளைகளுக்கென ஒரு பள்ளி. 180 பேருக்குக் கட்டிய கட்டடத்தில் 450 பேர். இடம் போதாமையால் தார் பூசிய தாளைச் சுற்றிய கொட்டகைகளை எழுப்பி, வகுப்பறை என்று பெயரிட்டிருந்தனர். மழை பெய்தால் ஒழுகும். குளிர் வந்தால் மேலாடையுடன் அமர்ந்து படிக்க வேண்டும். 1951 ஏப்ரல் 23 அன்று பார்பரா ஜான்ஸ் என்ற பதினாறு வயதுப் பெண், மாணவரனைவரையும் மன்றத்தில் கூட்டி, வெளியேறுவோம் வாருங்கள் என்றாள். வெளியேறினர். கேட்டதோ நல்ல கட்டடம். வழக்கறிஞர் வந்து ஆராய்ந்த பின்னர், பிரித்து வைக்கும் முறையே ஒழிய வேண்டும் என்ற வழக்காக அது வளர்ந்தது. 1954-ல் இனவாரியாகப் பள்ளிகளைப் பிரிப்பது சட்டத்துக்கு ஒவ்வாது என அமெரிக்க உச்ச மன்றம் அளித்த பிரவுன் தீர்ப்பிலே ஒன்றாக இணைக்கப்பட்ட ஐந்து வழக்குகளில் ஃபார்ம்வில் பிள்ளைகளின் வழக்கும் ஒன்று.

அதே 1951 ஏப்ரலில், 9-ஆம் நாள், தில்லி உச்ச மன்றம் சென்னை மாநிலத்தின் வகுப்புரிமை ஆணையைச் செல்லாதென வீழ்த்தியதை நம்மவர் எவரும் மறந்திருக்க மாட்டார். மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பமே போடாதவர் பெயரால் நடந்த வழக்கு அது. இங்கே கிளர்ச்சி வெடித்தது. ஜூன் திங்களில் அரசியல் சட்டமே முதன்முறையாகத் திருத்தப்பட்டது. ஒரே திங்களில், பூமியின் இரு கோடியில், பள்ளி வாயிலைப் பற்றிய இரு நிகழ்வுகள் நேர்ந்தன என்பதை இங்குச் சுட்டி மேலே செல்கிறேன்.

பிரவுன் தீர்ப்பைக் கேட்டு வர்ஜினியாவின் வெள்ளை ஆதிக்கக்காரர் என்ன செய்தனர்? தலை வணங்கினரா? இல்லை! செனட்டர் ஹாரி பேர்டு தலைமையில் 1956-ல் 'மாபெரும் எதிர்ப்பு' என்ற முழக்கம் எழுப்பினர். பிரின்ஸ் எட்வர்ட் மாவட்டத்தார் எதிர்ப்பின் உச்சியையே தொட்டனர்: கருப்பரும் வெள்ளையரும் ஒன்றாகப் பயில்வதைக் காட்டிலும் பள்ளியே இல்லாதிருப்பது மேல் என்று 1959-ல் பொதுப் பள்ளிகள் அனைத்தையும் இழுத்துப் பூட்டினர். ஐந்தாண்டுகள்! வெள்ளைப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி எழுந்தது. கருப்புப் பிள்ளைகளுக்குத் தெரு இருந்தது. 1964-ல் உச்ச மன்றம் தலையிட்ட பிறகே பூட்டுத் திறந்தது.

பூட்டுப் போட்டவன் முரடன். அவனை எவரும் அடையாளம் காண்பர். நான் இங்கே கவனிக்கச் சொல்வது முரடனை அல்ல, நயமாகப் பேசியவரை. அதே 1956-ல் வர்ஜினியா சட்டமன்றம் 'மாணவர் அமர்த்து வாரியம்' ஒன்றை அமைத்தது. எந்தப் பிள்ளை எந்தப் பள்ளிக்குச் செல்லலாம் என்பதை வாரியம் முடிவு செய்யும். நிறம் பார்த்தா? சேச்சே, நிறம் என்ற சொல்லே தேவைப்படவில்லை! உடல்நலம், கற்கும் திறன், போக்குவரத்து வசதி, இன்ன பிற. ஃபேர்ஃபேக்சுக்கு அண்டை மாவட்டமான ஆர்லிங்டனில் முப்பது கருப்பினப் பிள்ளைகள் வெள்ளையர் பள்ளியில் இடம் கேட்டனர். பள்ளி எல்லை, இட நெருக்கடி, கல்வித் தேர்ச்சி, மனநிலை, புதுச் சூழலுக்குப் பொருந்தும் தன்மை என்ற அளவுகோல்களை வைத்து அளந்தனர். இறுதியில் 1959 பிப்ரவரி 2 அன்று நால்வர் உள்ளே சென்றனர். நிறத்தைச் சொல்லாமலே நிறத்தைத் தடுக்கும் கலை அன்று அவ்வளவு தேர்ந்திருந்தது.

வடக்கே நியூயார்க் நகரம் தன்னை முற்போக்கின் கோட்டை என்று சொல்லிக் கொள்வது. அங்கே ஸ்டைவெசண்ட், பிராங்க்ஸ் அறிவியற் பள்ளி, புரூக்ளின் தொழில்நுட்பப் பள்ளி என்று மூன்று சிறப்புப் பள்ளிகள். குடியேறிய யூதத் தொழிலாளரின் பிள்ளைகள் கட்டணமின்றிப் படித்து அறிவுலகின் கொடுமுடி தொட்ட இடங்கள் அவை என்பதை மறைக்க வேண்டியதில்லை. 1971-ல் ஒரு வட்டாரக் கல்விக் கண்காணிப்பாளர், நுழைவுத் தேர்வு கருப்பின, புவேர்ட்டோரிக்கப் பிள்ளைகளுக்கு மாறாகச் சாய்ந்திருக்கிறது என்றார். நகரக் கல்வித் தலைவர் ஹார்வி ஸ்கிரிப்னர் தேர்வை ஒழிக்கவில்லை; ஆராய்ந்து பார்ப்போம் என்றார். ஆராய்ச்சி என்ற சொல்லே அபாய மணியாக ஒலித்தது! பழைய மாணவரும் பெற்றோரும் திரண்டனர். கலாண்ட்ரா என்ற செனட்டரும் ஹெக்ட் என்ற சட்டமன்ற உறுப்பினரும் ஒரு முன்வடிவைக் கொணர்ந்தனர். ஒருவர் ஒரு கட்சி, மற்றவர் எதிர்க்கட்சி. இதிலே மட்டும் ஒற்றுமை. நகரத் தந்தை லிண்ட்சே வேண்டாமென்றார், கேட்பாரில்லை. அவ்வாண்டே சட்டமாயிற்று. அந்த மூன்று பள்ளிகளுக்கும் ஒரே நாள், ஒரே தேர்வு. அதன் மதிப்பெண் ஒன்றே வழி. ஏழு, எட்டு ஆண்டுகள் பள்ளியில் ஆசிரியர் கண்ட கண்காட்சி பொய். இரண்டரை மணி, மூன்று மணி நேரத் தாள் மட்டுமே மெய்! நலிந்த பிள்ளைகளைச் சிறு அளவில் சேர்க்க ஒரு சாளரத்தை மட்டும் சட்டத்தில் விட்டு வைத்தனர்.

அந்தச் சட்டத்தின் விளைச்சலைக் காண நெடுங்காலம் காத்திருக்க வேண்டியதில்லை எனினும், 2019-ஆம் ஆண்டுக் கணக்கொன்று போதும்: ஸ்டைவெசண்ட் பள்ளி அவ்வாண்டு இடமளித்த 895 பேரில் கருப்பினத்தவர் எழுவர். முந்தைய ஆண்டில் மேயர் டி பிளாசியோ தேர்வை நீக்கி, ஒவ்வொரு நடுநிலைப் பள்ளியிலும் முதல் நூற்றுக்கு ஏழு பேரை எடுக்கலாம் என்றார். ரொனால்டு லாடர் என்ற ஒப்பனைப் பொருள் செல்வர், பிராங்க்ஸ் பள்ளியின் பழைய மாணவர், தேர்வைக் காக்கப் பணப்பையை அவிழ்த்தார். திட்டம் மாநிலச் சட்டமன்றத்திலேயே மடிந்தது.

தேர்வு என்பது நடுநிலையான தராசு என்பார்க்கு ஒரு சிறு வரலாறு. அமெரிக்கக் கல்லூரி நுழைவுத் தேர்வை 1926-ல் உருவாக்கியவர் கார்ல் பிரிகாம் என்ற உளவியலார். மூன்றாண்டுகளுக்கு முன் 1923-ல் அவர் எழுதிய நூலிலே, படையினருக்கு வைத்த அறிவுத் தேர்வுகளைக் கொண்டு இனங்களை ஏணிப்படியில் அடுக்கினார்: வட ஐரோப்பியர் மேலே, தென் ஐரோப்பியரும், கிழக்கு ஐரோப்பிய யூதரும் கீழே, கருப்பர் அடியிலே. எந்த யூதரைத் தாழ்ந்த மதியினர் என்றாரோ, அவர் பிள்ளைகளே பின்னர் நியூயார்க் தேர்வுப் பள்ளிகளை நிரப்பினர்! 1930-ல் பிரிகாம் தம் முடிவுகள் ஆதாரமற்றவை என்று தாமே எழுதிக் கைவிட்டார். அறிவியல் அறிந்தவன் செய்ய வேண்டியதைச் செய்தார். அவர் விட்டதை, அவரைப் படித்தறியாதோர் விடவில்லை.

இனி, மறுபக்கத்தையும் நேர்மையுடன் பார்த்தாக வேண்டும். பகுத்தறிவாளன் தனக்கு வசதியான சான்றை மட்டும் பொறுக்குபவன் அல்லன். சான் பிரான்சிஸ்கோவில் லோவல் என்ற பழம்பெரும் பள்ளி. 1983-ல் இன ஒதுக்கலை நீக்க ஏற்பட்ட உடன்பாட்டின்படி, இத்தகைய பள்ளியில் எந்த ஓரினமும் நூற்றுக்கு நாற்பதைத் தாண்டக் கூடாதென வரம்பு கட்டினர். விளைவு? சீன வழியினர் பிள்ளைகள் மற்றவரைவிட, வெள்ளையரையும்விட, கூடுதல் மதிப்பெண் எடுத்தாலன்றி உள்ளே புக முடியாதென்ற நிலை. அவர்கள் 1994-ல் வழக்குத் தொடுத்தனர். 1999-ல் அம்முறை வீழ்ந்தது. வீழ்ந்தது முறையே. முன்னொரு நாள் அதே நகரம், 1885-ல், சீனச் சிறுமியைப் பொதுப் பள்ளியில் சேர்க்க மறுத்து மன்றத்தில் தோற்று, பின்னர் சீனருக்கெனத் தனிப்பள்ளி கட்டிய நகரம். வெள்ளையரைவிட உயர்ந்த வேலியை அச்சிறுமியின் வழித்தோன்றல்களுக்கு இட்டதை எந்தச் சமநீதியும் நியாயப்படுத்தாது. ஆதலால், அங்கே ஆசிய வழிப் பெற்றோர் ஐயத்துடன் விழிப்பதை அறியாமை என்று ஏளனம் செய்யலாகாது.

அந்த ஐயத்தை மூலதனமாக்கியது யார் என்பதே கேள்வி. 1973-ல் கலிபோர்னியாவின் சாக்ரமென்டோ நகரில் பசிபிக் சட்ட அறநிலையம் தோன்றியது. ரொனால்டு ரீகன் அம்மாநில ஆளுநராயிருந்த காலம் அது. சொத்துடைமையாளர் உரிமைக்கு வழக்காடுவது அதன் முதன்மைப் பணி. கடற்கரையில் வீடு கட்டுவோர் பொதுமக்கள் நடந்து செல்ல வழிவிட வேண்டும் என்ற அரசு நிபந்தனையை எதிர்த்து 1987-ல் உச்ச மன்றத்தில் வென்றது அந்நிறுவனமே. கடற்கரையில் பொதுவழி கூடாதென வென்றவர்கள் பிறகு பள்ளி வாயிலுக்கு வந்தனர்! கட்டணம் வாங்காமல் வழக்காடுவர், பெற்றோருக்குச் செலவில்லை. நியூயார்க்கில் அந்தச் சிறு சாளரத்தைச் சற்று அகலப்படுத்த நகராட்சி முயன்றபோது 2018 டிசம்பரில் வழக்கிட்டனர். வர்ஜினியாவில் 2021-ல். பாஸ்டன் வழக்கை உச்ச மன்றத்துக்கு எடுத்துச் சென்றவரும் அவர்களே.

வர்ஜினியாவில் நடந்ததை விரிவாகக் காண்போம். ஜார்ஜ் பிளாயிட் கொலையுண்டு நாடே கொந்தளித்த 2020 கோடையில் அந்த எண்ணில்லாப் பட்டியல் வெளிவந்தது. இலையுதிர் காலத்தில் கல்வி வாரியம் நுழைவுத் தேர்வை நீக்கியது. விண்ணப்பத்துக்கு வாங்கிவந்த நூறு டாலர் கட்டணத்தையும் நீக்கியது. டிசம்பர் 17 அன்று புதிய முறை ஏற்கப்பட்டது. முதல் நாள்தான், டிசம்பர் 16-ல்தான், அதே மாநிலத்து ஆணையமொன்று, நாடாளுமன்றக் கட்டடத்தில் வர்ஜினியாவின் சார்பில் நின்ற அடிமைமுறைப் படைத்தளபதி ராபர்ட் லீயின் சிலைக்கு மாற்றாக பார்பரா ஜான்சின் சிலையை வைக்கலாம் எனப் பரிந்துரைத்திருந்தது!

புதிய முறை யாது? ஒவ்வொரு நடுநிலைப் பள்ளிக்கும் அதன் எட்டாம் வகுப்புத் தொகையில் நூற்றுக்கு ஒன்றரை வீதம் இடம் உறுதி. அந்தந்தப் பள்ளியில் சிறந்தவருக்கே அந்த இடம். எஞ்சிய நூறு இடங்கள் அளவு அனைவருக்கும் பொது. உயர்நிலைப் பாடங்களைப் பயின்றிருக்க வேண்டும்; மதிப்பெண் சராசரி நான்குக்கு மூன்றரைக்குக் குறையலாகாது. அதற்குமேல் கட்டுரைகள். வறுமை, வீட்டில் ஆங்கிலமல்லாத மொழி, உடற்குறை போன்றவற்றுக்கும், இதுவரை மிகச் சிலரையே அனுப்பிய பள்ளியில் படித்தமைக்கும் மதிப்புண்டு. விண்ணப்பதாரரின் பெயரோ இனமோ மதிப்பிடுவோர் கண்ணில் படாது. பழைய முறையிலே ஒரு சில பள்ளிகளே இடங்களை வாரிக்கொண்டன. தனிப்பயிற்சிக் கூடங்கள் செழித்த பகுதிப் பள்ளிகள் அவை. புதிய முறை, ஜெபர்சன் வட்டாரந்தோறும் தேடச் சொன்னதை ஒத்தது.

எதிர்ப்பு முந்தியே திரண்டுவிட்டது. 2020 ஆகஸ்டில் பெற்றோரும் பழைய மாணவருமாய்க் கூட்டணி அமைத்தனர். அதன் முன்னணியிலே நின்றவருள் ஒருவர் அஸ்ரா நோமானி. பம்பாயில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த இதழாளர். அவர்களைப் புண்படுத்திய பேச்சும் இருந்தது, மறுப்பதற்கில்லை. மாநிலக் கல்விச் செயலாளர், தேர்வுப் பயிற்சியை விளையாட்டு வீரருக்குக் கொடுக்கும் ஊக்க மருந்துக்கு ஒப்பிட்டார். பிள்ளை படிப்புக்காகத் தாயும் தந்தையும் கூடுதல் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தை இப்படிப் பழிப்பதா? வாரிய உறுப்பினர் தமக்குள் அனுப்பிக்கொண்ட குறுஞ்செய்திகளிலும், இம்முயற்சியின் அடியில் ஆசியருக்கு மாறான வாடை வீசுவதை ஒப்புக்கொண்ட வரிகள் அகப்பட்டன. பிறகு மன்றத்தில் அவ்வரிகள் படிக்கப்பட்டன. சீர்திருத்தம் செய்வோர் நாவையும் பேனாவையும் காக்காவிடில் எதிரிக்கு வாளைத் தாமே தீட்டித் தருகின்றனர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

முதல் ஆண்டுப் பலன் வந்தது. விண்ணப்பித்தோர் மூவாயிரத்துக்கு மேல், இடம் 550. கருப்பினத்தவர் நூற்றுக்கு ஏழு, ஸ்பானிய வழியினர் பதினொன்று, வெள்ளையர் இருபத்திரண்டு. ஆசிய வழியினர் எழுபத்துமூன்றிலிருந்து ஐம்பத்துநான்காயினர். வறிய குடும்பத்தார் மூவராய் இருந்தது போய் நால்வரில் ஒருவராயினர். ஐம்பத்துநான்கு என்பது வீழ்ச்சி என்றனர் கூட்டணியார். உண்மை, முந்தைய ஆண்டுக்கு வீழ்ச்சி. வெள்ளையர் பங்கு கூடியதையும் சுட்டினர், அதுவும் உண்மை. ஆனால் அவர் சுட்டாத ஓர் எண் மேல்முறையீட்டு மன்றத் தீர்ப்பிலே உறங்குகிறது. முந்தைய ஆண்டு இடம் பெற்ற ஏழை ஆசியப் பிள்ளைகள் எத்தனை பேர்? ஒரே ஒருவர். புதிய முறையில்? ஐம்பத்தொருவர்! ஆசியர் பெயரால் நடந்த வழக்கு. அவ்வழக்கு வென்றிருந்தால், அந்த ஐம்பது ஆசிய ஏழைப் பிள்ளைகளின் இடம் என்னவாகியிருக்கும்?

இங்கேதான் 'ஆசியர்' என்ற ஒற்றைச் சொல்லைப் பிளந்து பார்க்க வேண்டும். 1882-ல் சீனத் தொழிலாளரைச் சட்டமிட்டுத் தடுத்த நாடு, 1965-ல் குடியேற்றச் சட்டத்தை மாற்றியது. கருப்பின மக்கள் சிந்திய குருதியால் குடியுரிமைச் சட்டம் பிறந்த அடுத்த ஆண்டு அது. இனப் பாகுபாட்டை எதிர்த்து எழுந்த அதே அலையே அந்தக் கதவையும் தள்ளித் திறந்தது. அவ்வழியே இந்தியாவிலிருந்து மருத்துவரும் பொறியாளரும் அறிவியலாரும் சென்றனர். பட்டம் பெற்றவரைப் பொறுக்கியெடுத்து அனுப்பிய சல்லடை அது. அந்தப் பட்டமும் இங்கே எந்த வீட்டில் எத்தனை தலைமுறையாகப் புழங்கியது என்பதை நம் இளைஞருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சல்லடையில் தேர்ந்தவரின் பிள்ளை தேர்வில் வெல்வது வியப்பன்று. அவன் உழைப்பும் பொய்யன்று. ஆனால் வென்றதைக் கண்டு, உழைப்பு மட்டுமே காரணம், தோற்றவன் சோம்பேறி என்று முடிவு கட்டுவது அறிவுடைமையன்று. நியூயார்க்கிலோ நிலை வேறு; உணவு விடுதியிலும் தையற்கூடத்திலும் உழைக்கும் சீனத் தொழிலாளி, ஆங்கிலம் அறியாதவன், தன் பிள்ளைக்கு அந்தத் தேர்வு ஒன்றே ஏணி என்று நம்புகிறான். இருக்கும் ஒரே ஏணியைத் தொட்டால் அவன் அலறத்தானே செய்வான்? நல்ல பள்ளி எட்டே எட்டு இருக்க, மற்றவை நலிந்து கிடக்க விட்டவனை அவன் கேட்க வேண்டும். கேட்க விடாமல், பக்கத்து வீட்டுக் கருப்புப் பிள்ளையைக் காட்டி வைத்தனர்.

ஒரு சிறு கிளைச் செய்தி. பாஸ்டன், நியூயார்க் தேர்வுப் பள்ளிகளைப் பொருளியலார் மூவர் ஆராய்ந்து 2014-ல் கட்டுரை வெளியிட்டனர். வெட்டுப்புள்ளிக்குச் சற்று மேலே நின்று நுழைந்தவரையும், சற்றுக் கீழே நின்று வெளியே நிறுத்தப்பட்டவரையும் ஒப்பிட்டனர். பின்னைய தேர்வுகளில் இருவருக்குமிடையே பெரும் வேறுபாடு தென்படவில்லை. மயக்கம் என்றே தம் கட்டுரைக்குப் பெயரிட்டனர். அப்படியாயின் அந்த ஒரு மதிப்பெண், அரை மதிப்பெண் பிரித்து வைத்தது எதை? தகுதியையா?

வழக்கின் கதைக்கு வருவோம். 2021 மார்ச்சில் பதிவாயிற்று. 2022 பிப்ரவரியில் ரீகன் காலத்தில் அமர்த்தப்பட்ட நீதிபதி கிளாட் ஹில்டன், புதிய முறை இனச் சமநிலையை நாடியது, ஆதலால் செல்லாது என்றார். ஒன்றை நினைவிற் கொள்க: அப்போது விதியிலே இனம் என்ற சொல்லே இல்லை, மதிப்பிடுவோர் இனம் அறியார். 1959-ல் ஆர்லிங்டனில் நிறமற்ற சொற்கள் நால்வர் தவிர எவரையும் விடாதபோது, ஒவ்வொரு பிள்ளையும் நிறத்தால்தான் தள்ளப்பட்டதெனத் தானே மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. இன்றோ நிறமற்ற சொற்கள் கதவைத் திறந்ததும், உள்நோக்கம் என்ன என்று துருவினர்! இக்கூட்டணிப் பெற்றோரை அன்றைய பேர்டு கூட்டத்தாரோடு ஒன்றாகக் கட்டுவது அநீதி. அதை நான் செய்யவில்லை. ஆனால் வாதத்தின் வழி, தடுத்தபோது ஒன்றாகவும் திறந்தபோது வேறாகவும் அமைந்ததைக் காணாதிருக்க முடியவில்லை.

2023 மே திங்களில் மேல்முறையீட்டு மன்றம் இருவர்க்கு ஒருவர் என்ற கணக்கில் அத்தீர்ப்பைப் புரட்டியது. நீதிபதி கிங் பெரும்பான்மை உரை எழுதினார். விண்ணப்பித்தோரில் ஆசியர் நூற்றுக்கு நாற்பத்தெட்டுக்குச் சற்று மேல். இடம் பெற்றோரில் ஐம்பத்துநான்கு. தம் பங்கைவிடக் கூடுதல் பெற்றவரைத் தீங்குற்றவர் எனச் சொல்ல இயலாதென்றார். அடுத்த திங்களே, ஜூன் 29-ல், எட்வர்ட் பிளம் என்பவர் 2014-ல் அமைத்த சங்கத்தின் வழக்கில், ஹார்வர்டு முதலிய பல்கலைக்கழகங்கள் இனத்தைக் கருத்திற் கொள்வதை உச்ச மன்றம் தடை செய்தது. நேராகச் செய்யக்கூடாததைச் சுற்றுவழியில் செய்யவும் கூடாதெனத் தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் அதிலே எழுதி வைத்தார். சுற்றுவழி என்பது எதுவரை? வறுமையைப் பார்ப்பது சுற்றுவழியா? வட்டாரத்தைப் பார்ப்பது சுற்றுவழியா? 2007-ல் இதே மன்றத்து நீதிபதி கென்னடி, தனிப்பிள்ளையின் நிறம் பாராது எல்லை வகுத்தும் இடம் அமைத்தும் பள்ளிகள் கலக்க முயலலாம் என்று எழுதியிருந்தார். அந்த ஓரத்து வாயிலையும் அடைக்க வேண்டும் என்பதே இவ்வழக்குகளின் உள்ளக்கிடக்கை.

2024 பிப்ரவரி 20-ல் உச்ச மன்றம் வர்ஜினியா வழக்கை எடுக்க மறுத்தது. அலிட்டோவும் தாமசும் சினந்தனர். மேல்முறையீட்டு மன்றத்தின் காரணத்தைப் பரவக்கூடிய கிருமி என்றார் அலிட்டோ. 1635-ல் தோன்றிய பாஸ்டன் லத்தீன் பள்ளி உள்ளிட்ட மூன்று பள்ளிகளில், தொற்றுநோய்க் காலத்தில் அஞ்சல் வட்டாரவாரியாக இடம் பகிர்ந்ததை எதிர்த்த வழக்கும் அவ்வாண்டு டிசம்பரில் அவ்வாறே மறுக்கப்பட்டது. அங்கும் வாரியத்தார் சிலர் நாவடக்கமின்மையால் பதவி துறந்திருந்தனர் என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

2024 செப்டம்பரில், ஜெபர்சன் பள்ளி மாணவரில் தேசியத் தகுதிப் பரிசின் அரையிறுதிக்குத் தேறியோர் தொகை ஏறத்தாழப் பாதியாயிற்று என்ற செய்தி வந்தது. கண்டீரா, தரம் தாழ்ந்தது என எதிர்ப்பாளர் ஆர்ப்பரித்தனர். அந்தப் பட்டியலும் ஒரு தேர்வின் மதிப்பெண்ணால் மட்டுமே அமைவது. தேர்வால் பொறுக்கிய கூட்டம் தேர்விலே கூடுதலாக வெல்லும். இதில் மெய்ப்பிக்க என்ன இருக்கிறது? அப்பள்ளி ஆய்வகத்திலும் பின்னாளிலும் இப்பிள்ளைகள் என்ன செய்வர் என்பதன்றோ அளவை! அதற்குப் பொறுமை வேண்டும். பொறுமை எதிர்த்தரப்புக்கு இல்லை. 2021-ல் பள்ளிச் சச்சரவுகளை முழக்கமாக்கி ஆளுநர் நாற்காலியைக் கைப்பற்றியது யங்கின் கட்சி. அக்கட்சியின் மாநிலத் தலைமை வழக்கறிஞர் மியாரெஸ் 2025 மே திங்களில், இப்பள்ளிச் சேர்க்கை முறை ஆசியருக்கு மாறான பாகுபாடு எனக் கண்டறிந்ததாக அறிவித்து நடுவணரசுக்கு அனுப்பினார். உச்ச மன்றம் தொட மறுத்து பதினைந்து திங்கள் கழிந்த பின்னர், நடுவணரசின் கல்வித்துறை, கருப்பினத்தவரைக் காக்க 1964-ல் இயற்றிய குடியுரிமைச் சட்டத்தின் ஆறாம் பிரிவைக் கையிலெடுத்து, ஃபேர்ஃபேக்ஸ் மாவட்டத்தின்மீது விசாரணையைத் தொடங்கியது.